மாணவரும் சிறு வியாபாரமும்

சென்ற நோன்புக்கு ஒரு மாதம் இருக்கையில், ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து கல்லாவில் அமர்ந்திருந்தோம். நமக்கு நன்கு பழக்கமான ஒரு வியாபாரியின் மகன் கடைக்கு வந்தான். இங்குள்ள கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளை, விடுதியில் தங்கியிருப்பவன். சலாம் கூறிவிட்டு பிஸ்கட் டின்களுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றான். சாமான் வாங்க வந்தவனில்லை என்பது நின்ற மாதிரியிலேயே தெரிந்தது. ஆள் குறைந்ததும் அருகில் வந்து, "மாமா, படித்துக்கொண்டே சின்னதாக ஒரு வியாபாரம் செய்யலாமென்று பார்க்கிறேன். என்ன செய்வதென்றுதான் ஒன்றும் தோன்றவில்லை" என்றான்.

இக்கேள்விக்கு நம்மவர்கள் வழக்கமாகக் கொடுக்கும் பதில் ஒன்று உண்டு. "முதலில் படிப்பை முடி, தம்பி. கடை எங்கே ஓடிப்போகிறது?" என்பதே அது. நாமும் அதையே கூறினோம். கூறி வாய் மூடுமுன் நமக்கே வெட்கமாகிவிட்டது. ஏனெனில் கடை ஓடிப்போகும் என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? 2000ம் ஆண்டு ஜனவரி முதல் தேதியுடன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு நீங்கியபோது, ஜார்ஜ் டவுனில் எத்தனை பழைய கடைகள் இடம் மாறின, எத்தனை மூடின என்பதை இவ்வூர் வாசிகள் கண்ணாரக் கண்டார்கள். நமது அத்தா பல காலம் இருந்து வியாபாரம் செய்த இடத்தையும் அப்போதுதான் காலி செய்து கொடுத்தோம். அன்று நமக்கு வயது இருபது. அலமாரிகளைத் தூக்கிக்கொண்டு சந்து சந்தாக இடம் தேடியது இன்றும் நினைவிலிருக்கிறது.

ஆகையால் அந்தப் பிள்ளையை உட்காரச் சொல்லிப் பேசலானோம். அப்பேச்சும், அதன் பின் நடந்ததும், நாம் படித்தும் பார்த்தும் அறிந்த சில சங்கதிகளும் சேர்ந்ததே இக்கட்டுரை. நாம் மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு நின்றவர்கள். கல்லூரி மாணவருக்குப் பாடம் சொல்லும் தகுதி நமக்கில்லை. ஆயினும் தராசுக்குப் பின்னால் இருபத்தைந்து வருஷம் நின்றவர்களுக்கு ஏதோ கொஞ்சம் தெரிந்திருக்குமல்லவா?

"ஒன்றும் தோன்றவில்லை" என்று வாலிபர்கள் கூறுவதன் கருத்து என்னவென்று விசாரித்தால், உலகில் எவரும் இதுவரை செய்யாத ஒரு புதுமை தம் மூளையில் உதிக்கவேண்டுமென்று அவர்கள் காத்திருப்பது தெரிய வருகிறது. கைத்தொலைபேசியில் அமெரிக்கக் கோடீசுவரர்களின் கதைகளைப் பார்த்துப் பார்த்து இந்த எண்ணம் ஏற்பட்டிருக்கலாம். நாம் அறிந்தவரையில் வியாபார எண்ணம் அப்படிப் பிறப்பதில்லை. தான் தினமும் நடக்கிற பாதையில், ஒருவருக்குத் தேவைப்படுகிற சாமான் அவர் கைக்கு எட்டாமலிருப்பதைக் கண்டவனுக்கே அது பிறக்கிறது. மாணவனுக்கும் அவ்வாறே என்பதற்கு நம் தமிழ்ச் சீமையிலேயே அருமையான ஓர் உதாரணம் இருக்கிறது.

இராமநாதபுரம் ஜில்லாவைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் நம்மில் பலர். அவர்களுக்கு இராமேஸ்வரத்தைப் பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவ்வூரில் 1931ம் ஆண்டு அக்டோபர் 15ந் தேதி ஜெய்னுலாப்தீன் என்பவரின் மகனாகப் பிறந்தவர்தாம், பிற்காலத்தில் ராக்கெட் விஞ்ஞானியாகி, 2002 முதல் 2007 வரை இந்தியாவின் ஜனாதிபதியாக வீற்றிருந்த டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள். அவருடைய விஞ்ஞானத்தைப் பற்றி எல்லோரும் பேசுகின்றனர். சிறு வயதில் அவர் காசு சம்பாதித்த விதத்தைப் பற்றி வியாபாரிகளாகிய நாம் பேசவேண்டாமா? 1999ல் வெளிவந்த தமது வாழ்க்கை வரலாற்றில் அவரே அதை எழுதியிருக்கிறார்.

1939ல் இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. கலாம் அவர்களுக்கு அப்போது ஏறக்குறைய எட்டு வயது. திடீரென்று சந்தையில் புளியங்கொட்டைக்குக் கிராக்கி ஏற்பட்டது. பள்ளிவாசல் தெருவிலிருந்த ஒரு பலசரக்குக் கடையில் அதை விலைக்கு எடுத்தார்கள். சிறுவர் கலாம் கொட்டைகளைப் பொறுக்கிச் சேர்த்து அக்கடையில் கொண்டுபோய்க் கொடுப்பார். ஒரு நாள் பூராவும் சேர்த்ததற்கு ஓரணா கிடைக்கும். பதினாறு அணா சேர்ந்தால்தான் ஒரு ரூபாய் என்ற காலம் அது.

இதைச் சாதாரணமாக வாசித்துவிட்டுப் போய்விடக் கூடாது. புளியைக் கொட்டை நீக்கி உப்புப் போட்டுப் பானையில் அடைக்கும் வீடுகளில் கொட்டை எங்கே போகும்? குப்பைக்குத்தான் போகும். ஊரே வீசியெறிந்த சாமான் ஒரு கடையில் காசாகிறது என்ற செய்தியே அங்கே முதல். வேறு முதல் ஒரு காசும் இல்லை. சரக்கைச் சேர்த்துவிட்டு வாங்குபவனைத் தேடி அலையவுமில்லை. வாங்குபவன் இன்னான் என்று தெரிந்த பிறகே பொறுக்கத் தொடங்கினார். நம்மில் நரைத்த வியாபாரிகள்கூட இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பின்கட்டில் மூட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு கவலைப்படுவதுண்டு. (நம் பின்கட்டைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்லுகிறோம்.) புளியங்கொட்டை மாவு ஆலைகளில் நூலுக்குக் கஞ்சியாகும் பொருள் என்பதைப் பின்னாளில் பலரும் அறிவர். ஆனால் திடீர்க் கிராக்கியின் காரணம் தமக்கு ஒருபோதும் விளங்கவில்லை என்றே கலாம் அவர்கள் எழுதியிருக்கிறார். காரணம் தெரியாததால் அவருடைய ஓரணாவில் ஒரு தம்படியும் குறையவில்லை.

இரண்டாவது சம்பவம் இதைவிடச் சுவையானது. அவருடைய உறவினரான சம்சுத்தீன் என்பவர் இராமேஸ்வரத்துக்குப் பத்திரிகைகளை வரவழைத்து விநியோகித்துக்கொண்டிருந்தார். காலை ரயிலில் கட்டுகள் வந்து இறங்கும். யுத்தம் முற்றி, நெருக்கடி நிலை ஏற்பட்டபோது, இராமேஸ்வரம் ஸ்டேஷனில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டுவிட்டது. இராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில், ஓடுகிற ரயிலிலிருந்தே பத்திரிகைக் கட்டுகளை வெளியே எறிந்துவிட்டுப் போவார்கள். அவற்றைப் பிடித்து எடுக்க ஓர் ஆள் வேண்டியதாயிற்று. அந்த வேலை மாணவராயிருந்த கலாம் அவர்களுக்குக் கிடைத்தது. தம் சொந்த உழைப்பில் முதன்முதல் பெற்ற அக்கூலியின் பெருமிதத்தை ஐம்பது வருஷங்களுக்குப் பிறகும் உணர முடிகிறதென்று அவர் எழுதியிருக்கிறார்.

இது கூலிதானே, வியாபாரமா என்று கேட்பவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வியாபாரம் சம்சுத்தீனுடையது. ஆனால் நாம் பார்க்கவேண்டியது வேறு. பத்திரிகை நேற்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. வாசிக்கிறவர்களும் அதே ஆட்கள். மாறியது ஒன்றே: நேற்று நின்ற ரயில் இன்று நிற்கவில்லை. பண்டத்துக்கும் மனிதருக்கும் நடுவில் ஒரு புதிய இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில் ஒரு பையனுடைய இரண்டு கைகளுக்கு விலை ஏற்பட்டது. ஊரில் எது மாறியிருக்கிறது, எந்த ரயில் நிற்காமல் போகிறது என்று பார்ப்பவனுக்கு எண்ணத்துக்குப் பஞ்சம் வராது.

இப்படித் திறக்கிற வழி என்றைக்கும் திறந்தேயிருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். யுத்தம் 1945ல் முடிந்தது; யுத்த காலத்து வேலைகளும் அதோடு போயின. நமக்கும் இதில் ஓர் அநுபவம் உண்டு. ஆரம்பப் பள்ளியில் படித்த நாட்களில், வருஷ முடிவில் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் அவர்களுக்கு வேண்டாத பாடப் புத்தகங்களை ஐம்பது காசுக்கு வாங்கி, கிழிந்த அட்டைக்குப் பழுப்புக் காகிதம் போட்டு, கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வெள்ளிக்கு விற்றோம். நமக்கு அந்த எண்ணம் வந்தது அறிவினால் அன்று. புதுப் புத்தகம் வாங்க அத்தா காசு தராததால் பழையதைத் தேடப் போய், மற்றவர்களும் தேடுகிறார்கள் என்பதைக் கண்டுகொண்டோம். அரசாங்கம் 1975லேயே பாடப் புத்தக இரவல் திட்டத்தைத் தொடங்கி வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்து வந்தது. அதற்குள் வராத பிள்ளைகளே நம் வாடிக்கை. 2008 முதல் வருமானம் பாராமல் எல்லா மாணவருக்கும் அத்திட்டம் விரிந்தபோது அந்த வியாபாரத்துக்கு இடமே இல்லாமற் போயிற்று. பிள்ளைகளுக்கு அது நன்மை. நாமும் அதற்குள் அரிசிக்கும் பருப்புக்கும் வந்துவிட்டிருந்தோம். சவுராஸ்தா மார்க்கெட்டின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. அங்கே போகும்போதெல்லாம் பழுப்புக் காகிதத்தின் வாசனை நமக்கு அந்த ஐம்பது காசை நினைவூட்டும்.

இனி நம் பினாங்குக்கே வருவோம். வெளியூர்களிலிருந்து வருகிறவர்கள் வரிசையில் நின்று நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தப் பெயரின் பொருளை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்? நாசி என்பது சோறு. கண்டார் என்பது தோளில் வைத்துச் சுமக்கும் காவடித் தடி. தடியின் ஒரு முனையில் சோறு, மறு முனையில் குழம்பு. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு விடிந்ததும் வயிறு நிறையச் சோறு வேண்டும். அவர்கள் வேலையை விட்டுக் கடை தேடிப் போக முடியாது. ஆகவே நம்மவர்கள் சோற்றைத் தோளில் சுமந்துகொண்டு அவர்கள் இருக்குமிடத்துக்குப் போனார்கள். சோறு புதிதன்று, குழம்பும் ஊரில் வைத்த குழம்புதான். பசித்தவன் இருக்குமிடத்துக்குச் சோறு நடந்து போனதுதான் புதிது.

ஒரு கடைக்காரனின் கண்ணால் அந்தத் தடியைப் பாருங்கள். அதற்கு வாடகை இல்லை, முன்பணம் இல்லை. ஓரிடத்தில் விற்கவில்லையென்றால் அடுத்த இடத்துக்குப் போய்விடலாம். சரக்கு எவ்வளவு என்பதைத் தோளே தீர்மானித்துவிடும். அளவுக்கு மிஞ்சிக் கொள்முதல் செய்ய அது இடம் கொடாது. சிறு முதலில் தொடங்கும் மாணவனுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எது? கெம்பல் ஸ்திரீட்டில் இன்றும் நடந்துவரும் ஹமீதியா உணவகத்தை 1907ல் தொடங்கிய முகம்மது தம்பி ராவுத்தர் அவர்களும், அந்தப் பகுதியில் ஒரு மரத்தடியில் சோறு விற்றே ஆரம்பித்தவர். மரத்தடிக்கு முந்திக் கட்டடம் வரவில்லை. இன்றைய வாலிபர்களோ கடைக்கு விளக்குப் போடுவது எப்படி, பெயர்ப்பலகை எந்த வர்ணம் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

தூரதேசத்து உதாரணம் ஒன்றும் வேண்டுமானால் சுவீடன் தேசத்தைச் சொல்லலாம். அங்கே இங்வார் கம்ப்ராட் என்றொரு கிராமத்துச் சிறுவர், ஸ்டாக்ஹோம் பட்டணத்தில் தீப்பெட்டிகள் மொத்தமாக மலிவாய்க் கிடைப்பதை அறிந்து, வரவழைத்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சில்லறையாக விற்றார். பிறகு மீன், விதை, பேனா என்று சைக்கிளில் போய் விற்றார். 1943ல், பதினேழாம் வயதில், நன்றாகப் படித்ததற்காகத் தந்தை பரிசாகக் கொடுத்த பணத்தைப் போட்டுத் தொடங்கியதுதான் ஐகியா. மேசை நாற்காலி வியாபாரத்துக்கு அவர் வந்ததே 1948ல்தான். மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் பிழைப்பது நாம் தினமும் செய்கிற காரியம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிற இக்கணக்கை நாம்தான் அவர்களுக்குக் காட்டுவதில்லை.

இனி அந்தப் பிள்ளையின் கதைக்கு வருவோம். முதலில் நாம் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறோம். நம் பின்கட்டில் இரண்டு வருஷமாக விற்காமல் கிடந்த அத்தர் புட்டிகள் மூன்று டஜன் இருந்தன. அவற்றை நான்கு வெள்ளி வீதம் போட்டுக் கொடுத்து, "விடுதியில் ஆறு வெள்ளிக்கு விற்றுப் பார், தம்பி, விற்றதற்கு மட்டும் பணம் கொடு" என்றோம். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நமக்கு நினைப்பு. ஒரு வாரம் சென்று முப்பத்தொரு புட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தான். விற்ற ஐந்தில் மூன்று, அறைத் தோழர்கள் அவன் முகத்துக்காக வாங்கியவை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "எனக்கு வியாபாரம் வராது போலிருக்கிறது, மாமா" என்றான். அப்போதுதான் நமக்குச் சுருக்கென்றது. அது அவனுக்கு வியாபாரமே அன்று; நமக்குச் சரக்கொழிப்பு. பெரியவர்கள் தங்கள் தேவைக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அவர்களுக்குத் திறமையில்லை என்ற முடிவுக்கு அவர்களே வரும்படி விட்டுவிடுகிறோம். எத்தனை பிள்ளைகளின் ஊக்கம் இப்படி முதல் வாரத்திலேயே அணைந்திருக்குமோ!

புட்டிகளை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, ஒரு பழைய சிட்டைப் புத்தகத்தை அவனிடம் கொடுத்தோம். பத்து நாட்களுக்கு ஒன்றும் விற்க வேண்டாம். விடுதியிலும் கல்லூரியிலும் போகிற வழியிலும், "இல்லை", "கிடைக்கவில்லை", "அதற்குள் மூடிவிட்டான்" என்ற சொற்கள் எங்கே காதில் விழுகின்றனவோ அங்கே நின்று, யார் சொன்னது, எந்த நேரம், எதைப் பற்றி என்று ஒரு வரி எழுதிவா என்றோம். பதினான்கு வரிகள் எழுதிக்கொண்டு வந்தான். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாய் அடித்தோம்.

தொலைபேசிக்கு மின்சாரம் ஏற்றும் கம்பி அடிக்கடி கெட்டுப்போகிறது என்று ஒரு வரி. அது விடுதிக்கு எதிரேயுள்ள சீனர் கடையில் நம் கொள்முதலைவிட மலிவு, அடித்தோம். சட்டைக்கு இஸ்திரி போட ஆளில்லை என்று ஒன்று. தேவை உண்மையானதுதான், ஆனால் மாலை முழுவதும் நின்றால் படிப்பது எப்போது? அதையும் அடித்தோம். மழையில் குடையில்லை என்பது மழை பெய்கிற நேரத்து நினைப்பு, நின்றதும் மறந்துவிடுவார்கள். பதினொன்றாம் வரி இப்படி இருந்தது: "நோன்பு வந்தால் சஹருக்கு ஒன்றும் கிடைக்காது, போன வருஷம் ரொட்டியும் தண்ணீரும்தான் என்று நான்கு பேர் சொன்னார்கள்." இதை அவன் பெரிதாக எண்ணி எழுதவில்லை. நாம் பென்சிலை அங்கேயே நிறுத்திவிட்டோம்.

ஏனென்று கேட்டான். யோசித்துப் பார், விடுதியில் நோன்பு வைப்பவர் எல்லோருக்கும் வேண்டும். இருபத்தொன்பது அல்லது முப்பது இரவு, ஓர் இரவும் தவறாமல் வேண்டும். விற்கிறவர்கள் உறங்கும் நேரத்தில் வேண்டும். ஆகையால் போட்டி குறைவு. நீயோ எப்படியும் அந்நேரத்துக்கு எழுந்தாக வேண்டியவன். உன் படிப்பு நேரத்தில் கால் மணிகூடப் போகாது. இரவெல்லாம் திறந்திருக்கும் நாசி கண்டார் கடைகள் இவ்வூரில் இருக்கின்றன. உன்னிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. கண்டார் தடிக்குப் பதில் இரண்டு சக்கரம், அவ்வளவுதானே என்றோம். பிள்ளையின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே!

முதல் இரவு நம்மிடம் நூற்றைம்பது வெள்ளி கைமாற்றாக வாங்கிப்போய், ஒரு கடையில் பொட்டலம் ஆறு வெள்ளி வீதம் இருபது வாங்கினான். நூற்றிருபது வெள்ளி. ஏழரை வெள்ளிக்கு விற்பதாக ஏற்பாடு. விற்றது பன்னிரண்டுதான்; தொண்ணூறு வெள்ளி. எண்ணெய்க்கு மூன்று வெள்ளி சேர்த்து முப்பத்து மூன்று வெள்ளி நஷ்டம். மிச்சத்தில் ஒன்றை அவன் சாப்பிட்டு, ஏழைத் தோழர்களுக்கும் காவலாளிக்கும் கொடுத்துவிட்டான். (அந்தக் காவலாளிதான் மூன்றாம் இரவு, விடுதிக்குள் விற்க அநுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டு வாசலில் நிறுத்தினார். அவர் கடமை அது. மறுநாளே விடுதித் தலைவரைப் பார்த்து எழுத்து வாங்கிக்கொண்டான். முதலிலேயே செய்திருக்க வேண்டியது, நமக்கும் தோன்றவில்லை.)

இரண்டாம் நாள் முதல், தராவீஹ் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் யார் யாருக்கு வேண்டுமென்று கேட்டு, பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும் வாங்குவதென்று மாற்றினான். வாங்குபவனைத் தெரிந்துகொண்டு பொறுக்குவது, புளியங்கொட்டைக் கணக்கு. சராசரி இருபத்தாறு பொட்டலம். ஒன்றுக்கு ஒன்றரை வெள்ளி வீதம் முப்பத்தொன்பது. எண்ணெய் போக முப்பத்தாறு. கல்லூரி விடுமுறைக்கு முன்னர் இவ்வாறு இருபது இரவுகள் நடத்தினான். எழுநூற்றிருபது வெள்ளியில் முதல் இரவு நஷ்டத்தைக் கழித்தால் அறுநூற்றெண்பத்தேழு. நம் கைமாற்று ஆறாம் இரவே திரும்பிவிட்டது. சோற்றை இரவு பத்து மணிக்கே வாங்கி வைத்துக்கொண்டால் உறக்கம் கெடாதே என்று ஒரு தோழன் யோசனை கூறினானாம். அதை நாம் கண்டிப்பாகத் தடுத்தோம். சமைத்த சோறும் குழம்பும் நம் வெக்கையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. நான்கு மணிக்கு வாங்கி நாலரைக்குக் கொடுப்பதே முறை. உணவு கையாள்பவருக்கு 2009ம் வருஷத்து உணவுச் சுகாதார விதிகள் பயிற்சியையும் டைபாய்டு தடுப்பூசியையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. பொட்டலத்தைச் சுமக்கிறவன்தானே என்று அலட்சியம் செய்யாமல் அதையும் முடிக்கச் சொன்னோம்.

பையனின் தாயார் நம் வீட்டாரிடம் வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டோம். வியாபாரத்தில் காசு ருசி கண்டுவிட்டால் படிப்புக் கெட்டுவிடுமே என்ற பயம். இந்தப் பயத்தை நாம் கேலி செய்யமாட்டோம். அமெரிக்காவில் பிரெட் டிலூக்கா என்ற பதினேழு வயது வாலிபர், டாக்டர் படிப்புக்குப் பணம் சேர்க்கவேண்டி, குடும்ப நண்பரான பீட்டர் பக் என்ற விஞ்ஞானியிடம் ஆயிரம் டாலர் பெற்று, 1965ல் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஒரு ரொட்டிக் கடை தொடங்கினார். சப்வே என்று இன்று உலகெங்கும் கிளை விட்டிருப்பது அதுவே. அவர் டாக்டராகவில்லை. கலாம் அவர்களோ பத்திரிகைக் கட்டுப் பிடித்தும் படிப்பை விடவில்லை; சென்னையில் பொறியியல் படிக்கப் பணமில்லாதபோது அவருடைய சகோதரி தம் தங்க நகைகளை அடகு வைத்துச் சேர்த்தார். இரண்டு விதமும் நடக்கிறது. நம் அபிப்பிராயம் என்னவென்றால், படிப்பு நேரத்தைத் தின்னாத வியாபாரமே மாணவனுக்கு ஆகும். ஆரம்பப் பள்ளியோடு நின்றுவிட்டு, வரிக் கடிதம் வரும்போதெல்லாம் யாரிடமாவது கொண்டு ஓடுகிற நாம், இதில் வேறு விதமாகச் சொல்ல முடியாது.

சட்ட சம்பந்தமான இரண்டொரு வார்த்தை. பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. அவர்கள் கடன் சீட்டிலோ வாடகைச் சீட்டிலோ கையெழுத்திட்டுச் சிக்கிக்கொள்ளாமல் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர் தொடர்ந்து வியாபாரம் செய்வதானால், 1956ம் வருஷத்து வியாபாரப் பதிவுச் சட்டப்படி, தொடங்கிய முப்பது நாட்களுக்குள் எஸ்.எஸ்.எம். அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சொந்தப் பெயரிலேயே நடத்தினால் வருஷத்துக்கு முப்பது வெள்ளி. வேறு வியாபாரப் பெயர் வைத்தால் அறுபது.

வியாபாரப் பெருமக்களுக்கும் ஒன்று கூற விரும்புகின்றோம். ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு வெறுங்கையுடன் வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஸஃது இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் சரிபாதியைத் தர முன்வந்த வரலாற்றை நாம் மதரஸாவில் கேட்டிருக்கிறோம். அவர்களோ துஆச் செய்து மறுத்துவிட்டு, கடைத்தெரு எங்கே இருக்கிறதென்று மட்டும் கேட்டார்கள். வழியைக் காட்டினார்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும் இலாபமாகக் கொண்டு வீடு திரும்பினார்கள். நம்மிடம் வருகிற பிள்ளைகளும் நம் சொத்தில் பாதியைக் கேட்கவில்லை. எந்தச் சாமான் எங்கிருந்து என்ன விலைக்கு வருகிறது, எது ஓடுகிறது, எது கிடக்கிறது என்பதையே கேட்கிறார்கள். அதைத்தான் நாம் சொந்தப் பிள்ளைக்குக்கூட மறைத்து வைக்கிறோம். கணக்குப் புத்தகத்தைப் பூட்டிவிட்டு, பிள்ளைகளுக்குக் கடையில் நாட்டமில்லை என்று பள்ளிவாசல் திண்ணையில் குறைப்பட்டுக்கொள்கிறோம்.

பெருநாள் முடிந்து, பரீட்சையும் முடிந்து, போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அந்தப் பிள்ளை மறுபடி வந்தான். சிட்டைப் புத்தகத்தில் மேலும் ஒன்பது வரிகள் எழுதியிருக்கிறான். விடுதிச் சோற்று வியாபாரம் நோன்போடு முடிந்துவிட்டதில் அவனுக்கு வருத்தமில்லை. அடுத்த நோன்புக்கு இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னான். ஒன்பதில் ஒன்றும் நமக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனால் போகும்போது, "மாமா, அந்த அத்தர் புட்டிகளை யாரிடம் வாங்கினீர்கள், என்ன விலைக்கு? அது ஏன் விற்கவில்லையென்று பார்க்கவேண்டும்" என்றான். கொள்முதல் பேரேட்டை எடுத்து வைக்கிறோம், நாளை சுபுஹுக்குப் பின் கடை திறக்கும் நேரத்துக்கு வா என்று சொல்லி அனுப்பியிருக்கின்றோம்.